உபகாரச் சம்பளம் யாருக்கு?

பொது ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் சர்வகலாசாலைகள், பரீக்ஷைகளில் முதன்மை ஸ்தானம் பெறும் மாணாக்கர்களுக்குத் தாராளமான உபகாரச் சம்பளம் அளித்து ஆதரிக்க வேண்டுமா என்ற கேள்வி, நமது தேசத்திலும் பிற தேசங்களிலும் ஓயாமல் எழுந்துவருகிறது. வேண்டும் என்போர் கட்சி இது: அறிவே ஒரு தேசத்தின் முதற் செல்வம், தன் புத்திமான்களைப் போஷிக்காத தேசம் அவர்களை அயல் தேசங்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தும். வேண்டாம் என்போர் கட்சி இது: பரீக்ஷையில் முதலாவதாக வருகிறவன் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, அவனுக்குப் பொதுப் பணத்தை வாரிக் கொடுப்பது கடலில் மழை பெய்வதை ஒக்கும், அதே பணத்தைக் கொண்டு எல்லோருடைய கட்டணத்தையும் குறைக்கலாகாதா?

இவ்விரு கட்சியாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். தகுதிக்குத் தாராளமாகக் கொடுக்கத்தான் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தகுதி என்று எதைக் கொள்வது, எந்தச் சமயத்தில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எக்காரணம் பற்றி நிறுத்துவது என்பவற்றை முடிவு செய்யாமல் பணத்தை மாத்திரம் ஒதுக்குவதனால் பயனில்லை. இதற்குத் திருஷ்டாந்தம் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நமது சென்னைச் சர்வகலாசாலையின் சரித்திரத்திலேயே அது இருக்கிறது.

1904-ஆம் வருஷத்தில் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் ஒரு பிள்ளை உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தான். தகப்பனார் புடைவைக் கடையொன்றில் கணக்குப் பிள்ளை. பையனுக்குக் கணிதம் ஒன்றிலேயே கருத்து. மற்றப் பாடங்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினான்; உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905-ஆம் வருஷத்தில் வீட்டாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தான், எப்.ஏ. பரீக்ஷையில் அங்கும் தேறவில்லை. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காக அவன் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது. நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ் தம் கையிலிருந்து மாதந்தோறும் சிறிது பணம் கொடுத்து உதவினார். பிறகு 1912-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அந்தப் பிள்ளைதான் ஸ்ரீநிவாஸ ராமானுஜன்.

கவனிக்க வேண்டியது இதுவே: அன்று கும்பகோணத்தில் இருந்த ஏற்பாடும் தகுதிக்காக அளிக்கப்படும் உபகாரச் சம்பளந்தான். விதிப்படிதான் கொடுத்தார்கள், விதிப்படிதான் பறித்தார்கள். யாரும் வேண்டுமென்று அநீதி செய்யவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்பது சட்டம், அவன் தேறவில்லை, ஆகவே நிறுத்தினார்கள். விதியில் ஒரு பிழையும் இல்லாத இந்தக் காரியத்தினால், உலகம் கண்ட மகா கணித மேதைகளுள் ஒருவர் ஏழெட்டு வருஷங்களை வயிற்றுப்பாட்டுக்குப் பலியிட்டார்.

அதே கதையின் மறு பாதியையும் பார்ப்போம். 1913-ஆம் வருஷத் தொடக்கத்தில் ராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். வானிலை இலாகாவின் தலைவரான கில்பர்ட் வாக்கர், அவருடைய கணிதக் குறிப்புகளைக் கண்டு வியந்து, சென்னைச் சர்வகலாசாலைக்குச் சிபாரிசு செய்தார். ஆராய்ச்சிக்கான உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கே உரியது என்பது அக்காலத்து விதி. ராமானுஜனிடம் எம்.ஏ. இல்லை, பி.ஏ. இல்லை, எப்.ஏ. கூட இல்லை. எனினும் சிண்டிகேட்டார் விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1913-ஆம் வருஷம் மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷங்களுக்கு அளிக்கத் தீர்மானித்தார்கள். அவர் வாங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா சம்பளத்தைப்போல் அது இரண்டரை மடங்கு. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தம் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பதே அவருக்கு இட்ட கடமை. 1914-ஆம் வருஷத்தில் அவர் இங்கிலாந்து சென்றபோது, பிரயாணச் செலவோடு வருஷத்துக்கு 250 பவுனும் அதே சர்வகலாசாலை கொடுத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த பெற்றோருக்கு நேரே சேரும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டுக் கப்பலேறினார். 1918-ஆம் வருஷத்தில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆந் தேதி, தமது முப்பத்து மூன்றாம் வயதில், காலமானார்.

இந்த ஒரு வரலாற்றில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது: பரீக்ஷை மார்க்கும் ஆற்றலும் ஒன்றல்ல. இரண்டாவது: கொடுப்பதைக் கிள்ளிக் கொடுக்காமல், மனத்தில் கவலையின்றி வேலை செய்யவும், பெற்றோரை மறவாமல் இருக்கவும் போதுமான அளவு கொடுத்ததனால்தான் அந்தப் பணம் பலித்தது. மூன்றாவது: ஒரு முறை தவறினான் என்று கையை விட்டுவிடுவது சிக்கனம் அன்று, அது விளைநிலத்தைத் தரிசாக்குவது. கோடியில் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்துக்கொண்டு பொது விதி செய்யலாமா என்று சிலர் ஆக்ஷேபிக்கக் கூடும். தப்பிப் பிழைத்த ஒருவரின் பெயரை நாம் அறிவோம். ராமச்சந்திர ராவும் வாக்கரும் வாய்க்காமல், துறைமுகத்திலோ கடைத்தெருவிலோ மாய்ந்துபோனவர்களின் பெயர்களை யார் அறிவார்?

இனி, வேண்டாம் என்போரின் வாதத்துக்கு வருவோம். அதற்கும் அநுபவ ஆதாரம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜார்ஜியா ராஜ்யத்தார் 1993-ஆம் வருஷத்தில், கவர்னர் ஸெல் மில்லரின் முயற்சியால், 'ஹோப்' என்ற உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தினார்கள். உயர்தரப் பள்ளியில் சராசரியாக 'பி' தரம் பெற்ற மாணாக்கன் அந்த ராஜ்யத்துச் சர்வகலாசாலையில் கட்டணமின்றிப் படிக்கலாம். செலவுக்கு ராஜ்யத்தின் லாட்டரி வருமானம். தொடக்கத்தில், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 66,000 டாலருக்கு மேற்பட்டவர்களுக்கு இது இல்லை என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அடுத்த வருஷமே வரம்பை 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். 1995-ஆம் வருஷத்தில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே வேளையில், ஐக்கிய சர்க்காரிடமிருந்து ஏழைகளுக்கான உதவி பெறும் மாணாக்கனுக்கு, அவன் பெறும் தொகையை இந்த உபகாரச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். பணக்காரனுக்கு முழுதும், ஏழைக்குக் கழித்தும் கொடுத்த விந்தை இது!

விளைவு என்ன? கலாசாலையில் சேர்வோரின் தொகை பெருகியது. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் ராஜ்யத்தை விட்டு வெளியேறாமல் தங்கினார்கள். இவை நன்மைகளே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஸூஸன் டைனார்ஸ்கி, கலாசாலைப் படிப்பு விஷயத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலும், செல்வர்க்கும் வறியர்க்கும் இடையிலும் இருந்த இடைவெளியை அது அகலப்படுத்தியதாக 2000-ஆம் வருஷத்தில் எடுத்துக்காட்டினார். உபகாரச் சம்பளத்தை இழந்துவிடக் கூடாது என்னும் அச்சத்தால் மாணாக்கர்கள் கடினமான பாடங்களைப் பாதியில் கைவிடுவதும், குறைந்த பாடங்களையே எடுத்துக்கொள்வதும் மிகுந்தன என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2011-ஆம் வருஷத்தில் லாட்டரி வருமானம் செலவுக்குப் போதாமற் போகவே, மிக உயர்ந்த மார்க்கு வாங்கியோருக்கு மாத்திரம் முழுக் கட்டணம் என்றும், மற்றோருக்குக் குறைத்தும் விதி செய்தார்கள். கைம்முதல் சுருங்கியபோது முதலில் இடர்ப்பட்டவன் நடுத்தர மார்க்கு வாங்கிய ஏழை.

ஜார்ஜியாவார் தாராளமாகக் கொடுத்ததில் குற்றமில்லை. தேவையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மார்க்கு ஒன்றையே துலாக்கோலாகக் கொண்டதில்தான் குற்றம் நேர்ந்தது. அதே தேசத்தில் டெக்ஸாஸ் ராஜ்யத்தார் வேறு வழியில் சென்றனர். 1997-ஆம் வருஷத்தில் அவர்கள் செய்த சட்டப்படி, ராஜ்யம் முழுவதற்கும் ஒரே வரிசை கட்டாமல், ஒவ்வொரு பள்ளியிலும் முதற் பத்துச் சதவீதத்தில் வரும் மாணாக்கர்களுக்கு ராஜ்யத்துச் சர்வகலாசாலைகளில் இடம் உறுதி செய்யப்பெற்றது. பட்டணத்துப் பெரிய பள்ளியின் மாணாக்கன் தன் பள்ளியோடும், பட்டிக்காட்டுப் பள்ளியின் மாணாக்கன் தன் பள்ளியோடும் போட்டியிட்டான். இடம் மட்டும் கொடுத்தால் ஏழை வர மாட்டான் என்பதை உணர்ந்த ஆஸ்டின் நகரத்துச் சர்வகலாசாலை, வறிய பகுதிகளிலுள்ள பள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் முதன்மை மாணாக்கர்களுக்கென்று தனியே உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தியது. இங்கே தகுதியும் தேவையும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன.

நமது ராஜ்யத்திலும் இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். 2020-ஆம் வருஷத்தில் சர்க்கார் பள்ளி மாணாக்கர்களுக்கு வைத்தியக் கலாசாலைகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். தகுதி பெற்று இடமும் பெற்ற பிள்ளைகளுள் சிலர், தனியார் கலாசாலைக் கட்டணத்தைக் கட்ட வழியின்றி, கிடைத்த இடத்தைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாக அறிவித்தார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் சுங்கம் கேட்டால், ஏழை எப்படி உள்ளே வருவான்?

அதற்குப் பிறகு செய்யப்பெற்றவற்றையும் நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ஆம் வருஷத்திலும், ஆண் பிள்ளைகளுக்கு அதே தொகை அளிக்கும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-ஆம் வருஷத்திலும் தொடங்கப்பெற்றன. இவை பரவலான உதவிகள். பலரைக் கலாசாலை வாசலுக்குக் கொண்டுவருபவை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 33 ரூபாய். ஊரை விட்டு வந்து, விடுதியில் தங்கி, உண்டு, புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மறுபுறம், மத்திய சர்க்கார் 2018-ஆம் வருஷத்தில் ஏற்படுத்திய பிரதம மந்திரியின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் மாதம் 70,000 ரூபாயிலிருந்து ஆரம்பமாகிறது. ஆராய்ச்சியாளர் வயது வந்தவர், குடும்பமும் இருக்கக்கூடும், அவருக்குக் கொடுப்பதை நாம் மிகையென்று சொல்லவில்லை. ஆயினும் ஏணியின் மேற்படிகளுக்குத் தேக்கும் அடிப்படிகளுக்கு மூங்கிற் சிம்பும் வைத்தால், ஏறி வருகிறவர்கள் யாராயிருப்பார்கள்? முன்னரே மாடியில் பிறந்தவர்கள்தாம்.

ஆதலால், நமது சர்வகலாசாலைகள் முதற் பட்டப் படிப்பிலேயே தாராளமான உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்த வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அவற்றுக்கான விதிகள் எவ்வாறிருக்க வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, கௌரவம் எல்லோருக்கும்; பணம் வேண்டியவர்க்கு. முதன்மையாகத் தேறிய செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சர்வகலாசாலையின் விருதையும் பதக்கத்தையும் மனமுவந்து அளிப்போம். அவனுடைய உழைப்பையும் நாம் இழிவாக எண்ணவில்லை. ஆனால் பொதுப் பணம் அவனுக்கு ஒரு நாளின் மகிழ்ச்சி; அதே பணம் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வருஷத்துப் படிப்பு.

இரண்டாவது, தகுதியை அளக்கும்போது நின்ற இடத்தை மட்டும் பாராமல், நடந்து வந்த தூரத்தையும் பார்க்க வேண்டும். 2017-ஆம் வருஷத்தில் நமது சர்க்கார் பள்ளி இறுதிப் பரீக்ஷைகளில் முதல், இரண்டாம், மூன்றாம் ஸ்தானங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிள்ளைகளைப் பந்தயக் குதிரைகளாக்கி விளம்பரம் தேடும் போக்கைத் தடுப்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். அந்தப் பந்தயத்தை உபகாரச் சம்பளத்தின் பேரால் கொல்லைப்புற வழியாகத் திரும்ப அழைத்துவரக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு தாலூகாவிலும் முதன்மையாக வருகிறவர்களைத் தெரிந்தெடுக்கட்டும். தனிப் பயிற்சிக்குப் பணம் கொட்டி வாங்கிய தொண்ணூறும், மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு விளக்கடியில் படித்து வாங்கிய எண்பதும் எந்தத் தராசில் சமம் என்பதை நியாயவான்களே சொல்லட்டும்.

மூன்றாவது, கொடுப்பது வாழ்க்கைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். ஆயிரம் பேருக்குச் சில்லறையாகப் பங்கிட்டு ஆயிரம் பேரையும் அரைப்பட்டினி போடுவதைவிட, நூறு பேருக்கு விடுதி, உணவு, புத்தகம் அனைத்துக்கும் நிறைவாகக் கொடுத்துக் கரையேற்றுவது மேல். பரவலான உதவி சர்க்காருடைய கடமை. அது தனியே நடக்கட்டும். சர்வகலாசாலையின் கடமை ஆழ உழுவது.

நான்காவது, காலத்தில் கொடுக்க வேண்டும். ஜூன் மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளைக்கு மறு வருஷம் பங்குனியில் வந்து சேரும் பணம், பயிர் கருகிய பின் பெய்யும் மழையே. இடையில் அவன் தகப்பன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே அது போய்விடும்.

ஐந்தாவது, ஒரு பரீக்ஷையில் தவறியதற்காக உடனே நிறுத்தலாகாது. ஒரு வருஷ அவகாசமும், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையும் கொடுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். மேலும், சில இடங்களையாவது மார்க்குக் கணக்கில் அடங்காத தனித் திறமைக்கென ஒதுக்கி, ஆசிரியர் சிபாரிசின் மேல் சிண்டிகேட்டார் காரணம் எழுதிவைத்துக் கொடுக்க அதிகாரம் வேண்டும். 1913-ஆம் வருஷத்தில் இருந்த துணிவு இன்றைய சிண்டிகேட்டாருக்கு இல்லாமற் போக நியாயமில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2024-ஆம் வருஷத்தில் வருமான வரி இலாகாவார் சென்னைச் சர்வகலாசாலையின் பாங்கிக் கணக்குகளை முடக்கி வைத்ததையும், அதனால் அங்கே பணிபுரிவோர் கவலையுற்றதையும் பொது ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1857-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம், தன் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கே தவிக்கும்போது, மாணாக்கருக்கு எங்ஙனம் வாரி வழங்கும்? இதற்கு நமது பதில்: மற்ற மாணாக்கரின் கட்டணத்தை உயர்த்தி இதை நடத்தக் கூடாது, அப்படிச் செய்வது ஓர் ஏழையிடம் பிடுங்கி மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதாகும். லாட்டரியை நம்பியும் நடத்தக் கூடாது. ஜார்ஜியாவின் அநுபவம் போதும். ராஜ்ய சர்க்கார் வருஷந்தோறும் இதற்கென்று தனி மானியம் ஒதுக்கி, அதை வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி சட்டத்தால் காப்பாற்ற வேண்டும். பழைய மாணாக்கர்களும் தர்மவான்களும் மூலதனம் வைத்து அறக்கட்டளைகள் நிறுவ வேண்டும். ஒவ்வொரு வருஷமும் யாருடைய பெயரையும் வெளியிடாமல், எந்தத் தாலூகாவுக்கு எத்தனை, எவ்வகைப் பள்ளிக்கு எத்தனை, எவ்வளவு தொகை, எந்த மாதத்தில் கொடுக்கப்பட்டது என்ற கணக்கைப் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

ஊர்தோறும் உள்ள சங்கத்தார்க்கும், பொதுப் பணியில் ஈடுபட்ட நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இவ்வருஷம் முதலாவதாகத் தேறிய பிள்ளை எங்கே இருக்கிறான் என்று போய் விசாரியுங்கள். கலாசாலையில் இருந்தால் மகிழுங்கள். பனியன் கம்பெனியிலோ, செங்கற் சூளையிலோ, கடையிலோ இருப்பானாகில், ஏன் என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் சட்டசபை அங்கத்தினரிடத்திலும் சர்வகலாசாலை ஸெனட்டாரிடத்திலும் சென்று சொல்லுங்கள். பட்ஜெட் தயாராகும் காலத்தில் நூறு ஊர்களிலிருந்து நூறு பிள்ளைகளின் கதை அவர்களுடைய மேஜையின் மேல் இருக்குமானால், அவர்கள் அதை அலட்சியம் செய்ய முடியாது.

அன்று ஒரு ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஒரு பிள்ளையைக் காத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ராமச்சந்திர ராவ் வாய்ப்பார் என்று தேசம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. தனி மனிதரின் தயவைப் பொது நீதியாக்குவதற்காகவே சர்வகலாசாலைகள் இருக்கின்றன. அவை தம் கடமையைச் செய்யட்டும். செய்வதற்கு வேண்டிய பொருளைச் சர்க்கார் கொடுக்கட்டும். கொடுக்கும்படி செய்வது ஜனங்களின் பொறுப்பு.